அமுக்கிராவும் 'எல்லாம் ஒண்ணுதான்' ஆசாமிகளும்

ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் அஸ்வகந்தா டப்பா ஒண்ணை மேஜை மேல வெச்சுக்கிட்டு, "இயற்கைப்பா, எந்தக் கடையில வாங்கினாலும் எல்லாம் ஒண்ணுதான்"னு அடிச்சு விட்டார். கையில ஆணி நிறைய இருந்ததால அப்போ வாயை மூடிக்கிட்டேன். இங்கே கொட்டிடறேன்.

ஒண்ணு இல்லீங்க சாமி. நம்மூர்ல அமுக்கிராக் கிழங்குன்னு சொல்றது இதைத்தான். காட்டுல தானா முளைக்கிறது பல வருஷம் நிக்கிற புதர், வேர் கட்டையா இறுகிடும். மத்தியப் பிரதேசத்துல நீமச், மந்த்சௌர் பக்கம் வயல்ல போடுறது மழைக்காலக் கடைசியில விதைச்சு 5-6 மாசத்துல பிடுங்குற பயிர். அந்த வேர்ல மாவுச்சத்து தூக்கல், படக்குனு ஒடியும். மணற்பாங்கான மண்ணுல வேர் நேரா இறங்கும். களிமண்ணுல தண்ணி தேங்கினா அழுகிடும். நெருக்கி விதைச்சா ஒத்தை வேர், இடம் விட்டா கிளை பிரியும். நம்ம மெஷின்ல சமர்த்தா ஓடுற கோட், சர்வர்ல போய்ப் படுத்துக்குதே, அந்தக் கதைதான்.

மண்ணு செய்யற வேலைக்கு மண்ணைத் திட்ட முடியாது. என் கடுப்பு, மனுஷன் செய்யறது மேல. சந்தையில முதல் தரம் எதுன்னா, 7 செ.மீ. நீளம், 1 முதல் 1.5 செ.மீ. விட்டம், வெள்ளைவெளேர்னு ஒடியற வேர். மெலிசா, மஞ்சளா இருந்தா கடைசித் தரம். அப்போ விவசாயி எந்தச் செடியோட விதையை எடுத்து வைப்பார்? குண்டு வேர் விட்டதைத்தான். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், காசு அதுக்குத்தானே கொடுக்கறாங்க. ஆனா குண்டாக்கினது மாவுச்சத்து. வித்தனோலைடு அதே அளவுக்கு ஏறியிருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை, அதைக் கண்ணால பார்த்து விலை சொல்லவும் முடியாது.

"சத்து இத்தனை சதவீதம்னு லேபிள்ல போட்டா தீர்ந்துச்சே"ம்பீங்க. பாதிதான் தீரும். இலையைக் கலந்தும் அந்த நம்பரை ஏத்தலாமே! வித்தஃபெரின்-ஏ இலையிலதான் அதிகம். அஸ்வகந்தா இலையைப் பயன்படுத்தாதீங்கன்னு 2021-ல ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டி வந்துச்சு. எந்தப் பாகம், எந்த ஊரு, எத்தனை மாசத்துப் பயிர், எந்தச் சத்து எவ்வளவு, இத்தனையும் போடட்டும், அப்புறம் காசு கேட்கட்டும்.

நண்பர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 500 மி.கி.ன்னு இருக்கு. எதோட 500-ன்னுதான் இல்லை.