முதலில் வேலை, பிறகு படிப்பு

திண்டிவனத்தில் வரிக்கணக்கு எழுதித் தரும் அலுவலகம் நடத்துகிறேன். விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், சி.ஏ.வா, சி.எம்.ஏ.வா, சி.எஃப்.ஏ.வா?"

எந்த வேலை என்று முதலில் முடிவெடுங்கள். தணிக்கையும் வரியும் என்றால் சி.ஏ.; ஆலைகளின் உற்பத்திச் செலவு என்றால் சி.எம்.ஏ.; முதலீட்டு ஆய்வு என்றால் சி.எஃப்.ஏ. கடைசியாகச் சொன்னதற்குக் கட்டணம் டாலரில். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு என்.ஐ.எஸ்.எம். தேர்வில் தேறி, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்தால் போதும்.

எது பொருந்தும் என்பது வேலையில் உட்கார்ந்தால்தான் தெரியும். சென்ற மாதம் ஒரு மாணவியிடம் அரிசி ஆலையின் கொள்முதல் பில்களைக் கொடுத்து, விற்றவர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலோடு ஒப்பிடச் சொன்னேன். பட்டியலில் ஏறாத சாக்கு வியாபாரியின் பில்லை மாலைக்குள் பிடித்துவிட்டார். அந்தக் கண் தணிக்கைக்கே உரியது.

ஏழைப் பெற்றோர் இதை அறிய வேண்டும்: பி.காம். பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு வேண்டாம். நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். பாடநூல்களை, சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். 2023இல் வந்த புதிய திட்டத்தில், ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது.

கடன் வாங்கிக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன், விடுமுறையில் ஒரு மாதமாவது உள்ளூர் ஆடிட்டர் அலுவலகத்தில் பில்களோடு உட்காருங்கள். அந்த வேலை பிடித்திருந்தால் மட்டும் சேருங்கள்.