உயிர் இரசாயனமும் மந்திரப் பாராயணமும்



உயிர் வேதியியல் என்று இன்று சொல்லப்படுகின்ற உயிர் இரசாயனத்தைக் கல்லூரியில் முதல் வருஷப் பாடமாகப் படிக்கின்ற மாணவி நான். எனது ஊர் போடிநாயக்கனூர். என் தாயார் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்த பின் வீடு திரும்புகின்ற கூலிக்காரப் பெண். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான் முதலாவது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லப் போகின்ற விஷயத்திற்கு இது அவசியமாயிருப்பதாலேயே சொல்லுகிறேன்.

பாடம் ஆரம்பித்தவுடன் இருபது அமினோ அமிலங்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொன்னார்கள். அடுத்தபடியாக, கிரெப்ஸ் சக்கரம் என்பதன் எட்டுப் படிகளை வரிசை பிசகாமல் எழுதச் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீஷில். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. “இந்தச் சக்கரம் எதற்காகச் சுற்றுகிறது?” என்று கேட்டதற்கு, “பரீட்சையில் வரும், மனப்பாடம் பண்ணு” என்பதே பதில். முதல் பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். “உனக்கு இந்தப் பாடம் வராது” என்று சொல்லப்பட்டது. நானும் அதை நம்பி, படிப்பை விட்டுத் தாயாருடன் மலைக்கே போய்விடலாமென்று எண்ணினேன்.

அர்த்தம் தெரியாத மந்திரத்தை உச்சரிப்புப் பிசகாமல் சொன்னால் புண்ணியம், பிசகினால் பாவம், அர்த்தம் கேட்டாலோ மகாபாவம் என்று சொல்லி வந்ததைத்தானே நாம் இத்தனை காலமாகக் கண்டித்து வருகிறோம்? அதே காரியத்தை விஞ்ஞானம் என்ற பெயரால் செய்தால் மட்டும் அது அறிவாகிவிடுமா?

உண்மையில் இந்தச் சாஸ்திரம் வளர்ந்ததே கேள்வி கேட்டதால்தான். உயிருள்ளவற்றில் ஏதோ ஒரு ஜீவசக்தி இருக்கிறது, அதன் தயவில்லாமல் அங்கே உண்டாகும் பொருள்களை மனிதனால் உண்டாக்க முடியாது என்று படித்தவர்களே நம்பியிருந்த காலத்தில், 1828இல் ஜெர்மனியில் வோலர் என்பவர், மூத்திரத்திலுள்ள யூரியாவை உயிரற்ற உப்பிலிருந்து செய்து காட்டினார். 1897இல் புக்னர் என்பவர், உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே, அதைப் பிழிந்த சாற்றைக் கொண்டு சர்க்கரையைப் புளிக்க வைத்தார். கிரெப்ஸ் 1937இல் புறாவின் மார்புத் தசையை நறுக்கிச் சோதித்துத்தான் அந்தச் சக்கரத்தைக் கண்டார். இவற்றில் ஒன்றையாவது எங்களுக்குச் சொன்னார்களா? இல்லை. முடிவை மாத்திரம் வேதவாக்காகக் கொடுத்தார்கள்.

நிற்க. புரட்டாசி விடுமுறையில் ஊருக்குப் போனவள், தாயாருடன் தோட்டத்திலுள்ள காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போனேன். அங்கே பச்சைக் காயை வாஷிங் சோடாத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, பிறகு ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் மெதுவாக உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. சோடா எதற்கென்று கேட்டேன். “சோடாவிலே போடாட்டிப் பச்சை நிக்காது தாயி. சூடு மிஞ்சினாலும் பழுப்பாப் போகும். பச்சை போனா ஏலத்திலே யாரு வாங்குவா?” என்றார்.

அப்போதுதான் புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. இலைக்கும் காய்க்கும் நிறம் கொடுக்கும் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீஷியம் அணு இருக்கிறது. சூடு ஏறும்போது காயிலுள்ள அமிலம் அதை வெளியேற்றிவிடுகிறது, பச்சை பழுப்பாகிறது. சோடாவின் காரம் அந்த அமிலத்தை முறிக்கிறது. இவ்வளவுதான் விஷயம். என் தாயாருக்குக் காரியம் தெரியும், காரணம் தெரியாது. எனக்குக் காரணம் எழுதிய புத்தகம் இருந்தது, காரியம் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைப்பதற்குத்தானே உபாத்தியாயர் வேண்டும்?

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. பச்சையத்திலுள்ள வளையத்தைப் போன்ற ஒரு வளையமே நமது இரத்தத்தின் சிவப்பிலும் இருக்கிறது. நடுவில் மக்னீஷியத்துக்குப் பதில் இரும்பு. பிராணவாயுவைச் சுமப்பது அந்த இரும்புதான். இரும்பு குறைந்தால் பிராணவாயு குறையும்; பிராணவாயு போதாவிட்டால் நான் ஒப்பித்த அந்தச் சக்கரம் தசையில் சரியாகச் சுற்றாது. மேடு ஏறுகிறவளுக்கு மூச்சு வாங்கும், கண் இருட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் தாயார் மலைச் சரிவில் மயங்கி விழுந்தபோது, காற்றுக் கருப்பு அடித்துவிட்டதென்று வேப்பிலை அடித்து, தாயத்துக் கட்டி, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார் ஒரு பூசாரி. இந்த விடுமுறையில் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பார்த்ததில், ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 8 தான் இருந்தது. கருப்பு எங்கே இருந்தது? சிவப்பு அல்லவா இல்லாமலிருந்தது! இது என் தாயார் ஒருவருடைய கதையா? 2019-21ஆம் வருஷத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. இத்தனை பேரையுமா பேய் பிடித்திருக்கிறது?

இதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையில் இரும்புடன் போலிக் அமிலமும் இருக்கிறது. அதன் சரித்திரம் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் தொடங்குகிறது. அங்கே கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஈஸ்ட் சாரம் கொடுத்தால் அது குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதிலுள்ள சத்து போலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. அதை 1945இல் அமெரிக்காவில் செயற்கையாக உண்டாக்கிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கூலிக்காரப் பெண்ணின் இரத்தத்திலிருந்து பிறந்த அறிவு, கூலிக்காரப் பெண்ணின் மகளுக்கு மட்டும் வராது என்றால் யார் ஒப்புவது?

மாத்திரையோடு, சாப்பாட்டுடன் தேநீர் குடிப்பதை நிறுத்தி, நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்க்கச் சொன்னேன். ஏனென்றால் தேநீர் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கிறது. புளிப்புக் காய்களிலுள்ள சி வைட்டமின் அதற்கு உதவுகிறது. இப்போது 10 கிராமுக்கு மேல் ஏறியிருக்கிறது. தாயத்தை மட்டும் அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. அது வேறு வைத்தியம் கேட்கின்ற வியாதி.

மனப்பாடமே கூடாதென்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாமல் எந்தப் பொருளைப் பற்றியும் பேச முடியாது. ஆனால் காரணத்தைத் தமிழில் விளங்கச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். மாணவர்கள் கண்ணால் கண்ட பொருளிலிருந்து பாடத்தை ஆரம்பியுங்கள். பரீட்சையில் ‘எத்தனை’ என்பதோடு ‘ஏன்’ என்றும் கேளுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். “உனக்கு வராது” என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. நமது பாட்டன் பூட்டன் காலம் முதல் கேட்டுச் சலித்த வார்த்தை. அது கல்லூரிக்குள் புகுந்து மார்க்குக் கணக்கோடு திரும்பி வருமானால், அதை விஞ்ஞானம் என்று ஒப்புக்கொள்ளலாமா என்பதை உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

- போடிநாயக்கனூர் மாணவி