இறந்தவர்க்கும் இரு நீதியோ?

வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் நமது குடாநாட்டில் உண்டு. நம் கமக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று. அவர்களுக்காக வாதாடிய அப்புக்காத்துமாருக்கும் பிரக்கிராசிமாருக்கும் புதிதன்று. ஆயினும், பகை எத்துணை முற்றியபோதிலும், எதிராளியின் தகப்பனை அடக்கம் செய்த இடத்தில் ஒருவன் போய்க் கொட்டில் போட்டுக் குடியேறினான் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. காணிக்கு எல்லை இருப்பதுபோலப் பகைக்கும் ஓர் எல்லை உண்டென்பது படிப்பறியாதவனுக்கும் தெரிந்திருந்தது.

அந்த எல்லையை அரசாங்கமே கடந்த இடம் கோப்பாய்.

கோப்பாயில் இருந்த மாவீரர் துயிலும் இல்லத்தின் கதையை வாசகர்கள் அறிவர். அறிந்ததாயினும் அதனை வரிசைப்படுத்திச் சொல்லவேண்டியது நமது கடமை. 1990-களின் தொடக்கத்தில் அது உருவாயிற்று. 1995-ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போனபின் தரைமட்டமாக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னர் பெற்றோர் திரும்பி வந்தனர். உடைந்த கற்களைப் பொறுக்கியெடுத்து, மீண்டும் கல்லறைகளையும் நடுகற்களையும் எழுப்பினர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன்பின் இரண்டாம் முறையாகவும் அவை புல்டோசர் கொண்டு நிரவப்பட்டன. இம்முறை நிரவியதோடு நிற்கவில்லை. அதே நிலத்தின் மீது இராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவின் தலைமையகம் கட்டப்பட்டு, 2011 மார்ச் மாதத்தில் விழா எடுத்துத் திறந்துவைக்கப்பட்டது.

வேறு நிலம் கிடைக்கவில்லையோ என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. அந்த 2011-ஆம் ஆண்டில், வலிகாமம் வடக்கில் மட்டும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், நம் மக்கள் 1990-இல் விட்டு ஓடிய செம்பாட்டுத் தோட்டங்களும் வீடுகளும் கோயில்களும் அடங்கலாக, உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் படையினரின் கையிலேயே இருந்தது. தலைமையகம் ஒன்றல்ல, ஒரு நகரத்தையே அங்கே கட்டியிருக்கலாம். அவ்வளவு நிலத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் புதைத்த இடத்தைத் தேடிப் பிடித்து அத்திவாரம் வெட்டியதற்கு, தேவை என்ற சொல் பொருந்துமா? ‘அழுவதற்கும் உங்களுக்கு இடமில்லை’ என்று தாய்மாருக்குச் சொல்லவே அக்கட்டடம் எழுந்தது என்பதே நமது துணிபு.

இங்கே ஒரு செய்தியைத் தென்னிலங்கை அன்பர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. சைவர்களாகிய நம்மிற் பெரும்பாலோர் இறந்தவரைப் புதைப்பதில்லை, எரிப்பதே வழக்கம். சாம்பல் கீரிமலைக் கடலிற் கரைந்துவிடும். பின்பு ஆடி அமாவாசையும் சித்திரா பூரணையும் ஆண்டுத் திவசமுமே மிஞ்சும். வயலில் விழுந்து சாகாமல் போர்க்களத்தில் விழுந்த பிள்ளைகளைப் புதைக்கும் முறையைக் கொண்டுவந்தவர்கள் விடுதலைப் புலிகள். அதனைப் புதைப்பு என்று சொல்லாமல் ‘விதைப்பு’ என்றார்கள். தலைமுறைப் பழக்கத்துக்கு மாறான அந்த முறைக்குப் பெற்ற மனங்கள் எளிதில் இணங்கியிரா. இணங்கியபின்போ, எரித்த பிள்ளைக்கு இல்லாத ஒன்று புதைத்த பிள்ளைக்குக் கிடைத்தது: போய் உட்கார்ந்து தடவிப் பார்க்க ஓர் இடம். அந்த இடத்தைத்தான் இரும்புச் சக்கரங்கள் ஏறிக் கிளறின. எரித்திருந்தால் எவனும் பறித்திருக்க முடியாதே என்று ஒரு தாய் நினைக்கும்படி செய்துவிட்டதே இந்த ஆட்சி!

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளையன் 1883-ஆம் ஆண்டு இயற்றி, இன்றும் இந்நாட்டில் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டக் கோவை, பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு அடக்கத்தலத்துள் அத்துமீறி நுழைவதையும், மனித உடலுக்கு அவமதிப்புச் செய்வதையும் குற்றமென்கிறது. கோப்பாயில் ஒரு குடியானவன் ஒரு கல்லறையின் மீது மண்வெட்டியைப் போட்டிருந்தால் பொலிசார் அவனை மல்லாகம் நீதிமன்றத்துக்கோ யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்கோ இழுத்துச் சென்றிருப்பர். அரசு ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மீது போட்டது. வழக்கு எங்கே?

மகாவம்சத்தைத் தம் அரசியலின் வேதமாகக் கொள்வோர்க்கு அந்நூலிலிருந்தே ஒன்றை எடுத்துக்காட்டுவோம். துட்டகைமுனு அநுராதபுரத்தின் தெற்கு வாயிலருகே எல்லாளனை வென்று கொன்றான். கொன்றவனே அவனுக்கு ஈமக்கடன் செய்து, நினைவுச் சின்னமும் எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி வணங்கவேண்டுமென ஆணையிட்டான் என்றும், பின்வந்த மன்னர்களும் அதனைக் கடைப்பிடித்தனர் என்றும் அந்நூலே கூறும். துட்டகைமுனுவின் வாரிசுகள் தாமேயென்று மேடைதோறும் மார்தட்டியவர்கள் 2009-க்குப் பின் அவனுடைய வாளை மட்டும் எடுத்துக்கொண்டனர். அவனுடைய ஆணையை வசதியாக மறந்துவிட்டனர்.

தம்முடையோரை மட்டும் அவர்கள் மறக்கவில்லை. ஆனையிறவில் 1991-இல் உயிர்நீத்த சிப்பாய் ஒருவருக்கு நினைவகம். கிளிநொச்சியில் குண்டு துளைத்த கற்சுவரும் அதிலிருந்து மலரும் தாமரையும். புதுக்குடியிருப்பில் வெற்றித் தூண். பாராளுமன்றத்துக்கு அருகே படைவீரர்க்கு நினைவாலயம். அவர்களைப் பெற்ற கிராமத்துச் சிங்களத் தாயின் கண்ணீரை நாம் இகழமாட்டோம். அவளும் ஏழைக் கமக்காரனின் மனைவிதான். இந்தியப் படையினர்க்குப் பலாலியில் நினைவிடம் உண்டு. 1942-இல் யப்பானியர் குண்டுவீசிய திருகோணமலையில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட பிரித்தானியப் படையினரின் கல்லறைகள் புல் வெட்டிப் பூச்செடி நட்டுப் பேணப்படுகின்றன. கடல் கடந்து வந்தவனுக்கும் இம்மண்ணில் ஆறடி உண்டு. கோப்பாயிலும் கொடிகாமத்திலும் பிறந்தவனுக்கு மாத்திரம் இல்லை.

முன்னாள் சனாதிபதி மகிந்த இராசபக்ச தாமே 2010-இல் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, போரில் மாண்ட அனைவரையும் தேசிய தினத்தில் ஒருசேர நினைவுகூர வேண்டுமென்று 2011-இல் பரிந்துரைத்தது. அந்த ஆணைக்குழு சாட்சியம் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேதான் கோப்பாயில் திறப்பு விழா நடந்தது! பாடம் கற்க ஒரு குழு, பாடத்தை மிதிக்க ஒரு படைப்பிரிவு.

இனி, ஆண்டுதோறும் கார்த்திகை 27-ஆந் திகதி நடப்பதைப் பாருங்கள். 2009-க்குப் பின் சில ஆண்டுகள், அன்று மாலையில் வீட்டு முற்றத்திலே விளக்கேற்றவும் மக்கள் அஞ்சினர். கோயில் மணி அடிப்பதும் சந்தேகத்துக்குரியதாயிற்று. 2016-இல், வேறோர் ஆட்சியின் கீழ், கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் திரண்டு பகிரங்கமாகத் தீபமேற்றினர். 2020-இல், பொலிசார் நீதிமன்றங்களை நாடித் தடையுத்தரவு பெற்றனர். நோய்த்தொற்றும் காரணமாகக் காட்டப்பட்டது. 2021 சனவரி 8-ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவினுள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது; மாணவர் கொதித்தெழ, மூன்றே நாளில் புதிய அடிக்கல் நாட்டப்பட்டு, ஏப்ரல் மாதத்தில் தூபி மீண்டும் எழுந்தது. 2023-இல், மட்டக்களப்பில் நினைவுகூர்ந்தோர் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதாயினர். 2024-இல், நினைவுகூரலாம், ஆனால் இயக்கச் சின்னங்கள் கூடாது என்றனர். அதே கிழமையில், முகநூலில் படம் போட்டார்கள் என்று சிலரைப் பிடித்தனர்.

இத்தனை ஆண்டுகளிலும் அந்த 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அதுவேதான். மாறியவை அமைச்சர்களின் முகங்களும் அவர்களது அன்றைய தேவைகளுமே. ஒரே செயல் ஓராண்டில் பண்பாடு, மறு ஆண்டில் பயங்கரவாதம் என்றால், அங்கே ஆள்வது சட்டமன்று, ஆள்வோனின் மனம். அதிகாரத் துர்ப்பிரயோகம் என்றால் இலஞ்சமும் ஊழலுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஒரு தாயின் அழுகையை அனுமதிப்பத்திரம் பெற்றுச் செய்யும் காரியமாக்கி, அப்பத்திரத்தை இவ்வாண்டு கொடுத்து வரும் ஆண்டு மறுப்பது, ஊழலினும் கொடிய துர்ப்பிரயோகம் என்போம்.

இன்று ஆட்சியில் இருப்போரிடம் இதனை அழுத்திக் கேட்க நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க சனாதிபதியானார். அதே ஆண்டு நவம்பர் 14-ஆந் திகதித் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றை அவருடைய அணிக்கு நம் மக்களே கொடுத்தனர். அவர் தலைமை தாங்கும் ஜே.வி.பி. யார்? 1971 ஏப்ரலிலும், மீண்டும் 1987 முதல் 1989 வரையிலும், இதே அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய இயக்கம். தடைசெய்யப்பட்ட இயக்கம். அரசின் கையால் அவர்கள் மாண்டனர். அவர்கள் கையாலும் அப்பாவிகள் பலர் மாண்டனர். அவர்களுடைய தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பர் 13-ஆந் திகதி கொல்லப்பட்டபோது, உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்படவில்லை. பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. 2012-இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, அவை தம் தோழர்களுடையவை என்று கூறி நீதி கேட்டவர்களும் அவர்களே. நியாயமான கேள்விதான்; நாமும் அதனை ஆதரித்தோம். ஆண்டுதோறும் நவம்பரிலே, செங்கொடி கட்டி, படங்களுக்கு மலர்தூவி, தம் வீரர் தினத்தை அவர்கள் கொழும்பில் வெளிப்படையாகக் கொண்டாடுகின்றனர்.

அதே நவம்பரில், இரண்டு கிழமை கழித்து, கோப்பாயிலே பெற்றோர் இராணுவ முகாமின் வேலிக்கு எதிரே, வெளியிலே நின்று விளக்கேற்றினர். கல்லறை இல்லாமையின் வேதனை என்னவென்று நூல்களைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இந்த ஆட்சியாளர்கள் இல்லை. தம் வீட்டிலேயே கண்டவர்கள். கண்டவர்கள் பேசாதிருப்பதைக் காணாதவர்களின் அறியாமையோடு சேர்த்து மன்னிக்க நம்மால் இயலவில்லை.

‘புலிகளும் ஜே.வி.பி.யும் ஒன்றா? நாட்டைப் பிரிக்கப் போரிட்டவர்களை நாடு கௌரவிப்பதா?’ என்று கேட்பர். நாம் கௌரவத்தைக் கேட்கவில்லையே! பிரெஞ்சு நாட்டின் நோர்மண்டிக் கரையில் லா காம்ப் என்றோர் ஊர் உண்டு. பிரான்சை நான்கு ஆண்டுகள் அடிமை கொண்ட செர்மானியப் படையினர் இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கின்றனர். இட்லரின் தனிப் படையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் உளர். பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. தாய்மாரும் பேரப்பிள்ளைகளும் போய் வந்திருக்கின்றனர். அதனால் பிரான்சு நாசிகளைப் போற்றுகிறது என்று பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். கொடி வேறு, கல்லறை வேறு. அரசியலோடு தர்க்கம் செய்யலாம். எலும்போடு என்ன தர்க்கம்?

நமக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. அதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. 1986 மே மாதத்தில், டெலோ இயக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினம் இவ்வூரின் அயலிலேதான் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் அவ்வியக்கத்து இளைஞர்களின் உடல்கள் நம் வீதிச் சந்திகளிலேயே எரிக்கப்பட்டன. அவர்களையும் தமிழ்த் தாய்மாரே பெற்றார்கள். அன்று வாய்மூடி நின்றோர் நம்மிற் பலர். அந்த மௌனத்துக்காக வெட்கப்படாமல் கோப்பாயைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு முழுமையாக வராது. எல்லா இயக்கத்தவர்க்கும், எவ்வியக்கமும் சாராது குண்டுக்கும் ஷெல்லுக்கும் இரையானவர்க்கும் அழ உரிமை உண்டென்றே சொல்கிறோம். கொழும்புக்கு நாம் நீட்டும் அளவுகோல் நமக்கும் உரியதே.

கோப்பாயிலிருந்து தெற்கே சில மைல் தூரத்திற் செம்மணி. கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கிலே தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், நூற்றுக்கணக்கானோர் அங்கே புதைக்கப்பட்டதாக 1998-இல் நீதிமன்றத்திற் சொன்னார். 1999-இல் பதினைந்து உடல்களே தோண்டியெடுக்கப்பட்டன. 2025-இல், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்விலே, குழந்தைகளுடையவை உட்பட இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பெயரில்லாத எலும்புகளுக்குப் பெயர் தேட, நீதிமன்ற மேற்பார்வையில், நிபுணர்கள் தூரிகை கொண்டு மண்ணைத் துடைத்தனர். சில மைல் வடக்கே, கல்லில் வெட்டிய பெயரோடும் பிறந்த திகதியோடும் கிடந்தவர்களின் பெயரை, அரசே அரைத்து மண்ணாக்கிற்று.

கோப்பாய் நிலத்தை விட்டு முகாமை அகற்றுவதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை; பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு தேவையில்லை (அதுவும் 2024 தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது). முப்படைகளின் தளபதி சனாதிபதியே. அவர் ஒரு தாளில் ஒப்பமிட்டால் போதும். தடைச்சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதிய கை அதற்குக் கூசவேண்டிய காரணம் யாதென்று கேட்கிறோம். பெற்றோரில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டனர். அவர்கள் நடந்து வரக்கூடிய கார்த்திகைகள் இன்னும் எத்தனை என்பதைச் சனாதிபதி கணக்கிட்டுப் பார்க்கட்டும்.