சிறுகடைக்குக் காவல் எங்கே?

எண்ணூர்க்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் காட்டுப்பள்ளி, முன்னர் வலையும் படகுமாய் வாழ்ந்த கரை. இன்று அங்குக் கப்பல்கட்டுந் துறையும் துறைமுகமும் உள. அணித்தே காமராசர் துறைமுகமும் அனல்மின் நிலையமும் நிற்கின்றன. வடமேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை விரிந்து கிடக்கின்றது. அப் பெருந்தொழில்களின் மதிலுக்குள்ளே கண்காணிப்புப் பொறிகளும் கூலிக்கு அமர்த்திய காவற்படையும் இரவு பகலாய் விழித்திருக்கின்றன. மதிலுக்கு வெளியே, ஆயிரக்கணக்கான தொழிலாளர்க்குச் சோறும் தேநீரும் மளிகையும் விற்றுப் பிழைக்கும் சிறுகடைக்கு உள்ள காவல் யாது? ஒரே ஒரு பூட்டு!

அப் பூட்டு உடைபட்டால் என்ன நிகழும் என்பதைச் சிறுவணிகர் அனைவரும் அறிவர். கல்லாப்பெட்டியில் இருந்த மூவாயிரமும், அடுக்கி வைத்திருந்த எண்ணெயும் போயின என்று காவல் நிலையத்தின் வாயிலில் நின்றால், "இவ்வளவுதானா?" என்னும் வினாவே பலகால் முதல் விடையாக வருகின்றது. முதல் தகவல் அறிக்கை எழுதவேண்டிய இடத்தில், மக்கள் வாயில் "சி.எசு.ஆர்." என வழங்கும் ஏற்புச் சீட்டு ஒன்று கைக்கு வரும். அச் சீட்டு வழக்கு ஆகாது. மூன்று முறை நடந்து, மூன்று நாள் வணிகத்தையும் இழந்த கடைக்காரர், நான்காம் முறை செல்வதில்லை. அதற்குப் பின் நிகழும் களவுகள் எந்தக் கணக்கிலும் ஏறா. கணக்கில் ஏறாமையால் களவே இல்லை என்று அரசும் நம்பிக்கொள்கின்றது!

இந் நிலைக்குச் சட்டமே இப்பொழுது ஒரு சாக்கினைத் தந்துள்ளது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் களவுக்கு விலைவரம்பு வைக்கவில்லை. போன பொருள் பத்து உருபா பெறினும் காவலர் தாமே வழக்கெழுதிப் புலன் விசாரிக்கலாம். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, தமிழன் நாவில் நுழையாப் பெயர் கொண்ட பாரதிய நியாய சங்கிதை, 303-ஆம் பிரிவில் 5,000 உருபா என்னும் கோட்டினைக் கிழித்துள்ளது. அதற்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன், பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால், குமுகத் தொண்டே அவனுக்கு ஒறுப்பு. உடன்வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையோ, இவ்வகைக் களவைக் குற்றவியல் நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலனாய முடியாத குற்றங்களொடு சேர்த்துவிட்டது. பசித்துத் திருடியவனைச் சிறைக்கு அனுப்பாமல் தொண்டு செய்யவைப்பது நன்றே. ஆனால், ஆய்வதே வேண்டா என்பது அருளாகுமா? பத்துக் கடையில் பத்து முறை நாலாயிரம் நாலாயிரமாய்க் கவர்பவன், இச் சட்டத்தின் கண்ணுக்குப் பத்துச் சிறுகளவு செய்த எளியவனாகவே தோன்றுவான். 5,000 உருபா துறைமுக முதலாளிக்குத் தூசு. பெட்டிக்கடைக்காரருக்கோ அதுவே முதல்!

ஆயினும், வணிகர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 305-ஆம் பிரிவு, பொருளைக் காத்து வைப்பதற்குப் பயன்படும் கட்டடத்திலோ கூடாரத்திலோ நிகழும் களவுக்கு ஏழாண்டு வரை சிறை என்கின்றது. அதில் விலைவரம்பு இல்லை. அது காவலர் தாமே வழக்கெழுதத்தக்க குற்றம். கடை என்பது பொருளைக் காத்து வைக்கும் இடமன்றி வேறென்ன? பூட்டை உடைத்து நுழைந்தமைக்குத் தனிப் பிரிவும் உண்டு. எனவே, "ஐயாயிரத்துக்குக் குறைவு, ஆகவே வழக்கில்லை" என்று கடைக்காரரைத் திருப்பி அனுப்புவது சட்டத்தைப் பாதி படித்தோர் செயலாகும். இத்தகைய குற்றம் பற்றிய முறையீடு வந்தால் வழக்குப் பதிந்தே தீரவேண்டும் என்று 2013-இல் உச்சமன்றத்தின் ஐவர் ஆயம் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. இதிலும் இரங்கத்தக்கவர் தள்ளுவண்டிக்காரரே. அவர் வண்டி கட்டடமும் அன்று, கூடாரமும் அன்று. மிக எளியவர்க்கே மிகக் குறைந்த காவல்!

விலைவரம்பு என்ன செய்யும் என்பதை ஆங்கில நாடு பட்டறிந்துள்ளது. 200 பவுனுக்குக் குறைந்த கடைக்களவை 2014-ஆம் ஆண்டின் சட்டம் சிறுகுற்றமாக்கியது. அது திருடர்க்கு விடுதலைச் சீட்டாயிற்று என்று அந் நாட்டு வணிகர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். அவ் வரம்பை நீக்கும் சட்டவரைவு 2025-இல் அந் நாட்டுப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

களவைப் பொருட்டாகக் கருதுக என்றால், கண்டவனைப் பிடித்து அடிக்க என்று பொருளன்று. 2020 சூனில் சாத்தான்குளத்தில், முடக்கக் காலத்தில் கடை திறந்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தந்தையும் மகனும் காவலர் கொடுமைக்கு ஆளாகி மாண்டனர். அவர்களும் சிறுவணிகரே. 2025 சூனில் திருப்புவனத்தை அடுத்து, நகைக் களவு முறையீட்டின்பேரில் அழைத்துச் செல்லப்பட்ட கோயிற் காவலாளி அடிபட்டே இறந்தார். ஓரிடத்தில் எழுதவும் கை எழவில்லை. வேறிடத்தில் எழுதுமுன்பே தடி எழுந்தது. இரண்டும் ஒரே நோயின் இருபக்கம். ஆய்வு இல்லாமையே அந் நோய்!

காட்டுப்பள்ளியும் இதற்கு விலக்கன்று. 2025 செப்தம்பரில் வடநாட்டுத் தொழிலாளர் ஒருவர் இறந்ததையொட்டி அங்கே கலவரம் மூண்டபொழுது காவலர் திரளாக வந்தனர், கண்ணீர்ப்புகையும் வீசினர். கலவரத்திற்குத் திரளும் காவல், நாள்தோறும் ஒரு சுற்று நடந்து வந்தால் போதாதா? களவு நிகழ்ந்தவுடன் "வந்தேறியே செய்தான்" என்று சான்றின்றிக் கைநீட்டுவதும் தவறு. தமிழனாயினும் பிறனாயினும், குற்றவாளியைக் காட்டவேண்டியது தடயமே, மொழியன்று.

இந் நெறி தமிழர்க்குப் புதிதன்று. காட்டுப்பள்ளியைப் போன்றே துறைமுகமாய் விளங்கிய புகாரில், வெள்ளிடை மன்றத்துக் கிடந்த பொதிகளில் பெயரும் அளவும் பொறித்திருந்தன என்றும், கவர்ந்தவன் கழுத்துக் கடுக்கச் சுமை தாங்கினான் என்றும் இளங்கோவடிகள் காட்டுகின்றார். முதலில் நின்றது எழுத்து. ஒறுப்பு அதன் பின்னரே வந்தது. அதே காப்பியம், சிலம்பு திருடியதாகச் சாட்டப்பட்ட கோவலனை ஆராயாமல் கொன்ற அரசு என்னாயிற்று என்பதையும் காட்டுகின்றது.

ஆதலின் வேண்டுவன மூன்று. கடைக்களவு அனைத்திற்கும் முதல் தகவல் அறிக்கை எழுதப்படல் வேண்டும். தொழிற்பேட்டைச் சாலைகளில் இரவுச் சுற்றுக்காவல் வேண்டும். 5,000 உருபாக் கோடு அழிக்கப்படல் வேண்டும். வணிகரும் வாளா இருத்தலாகாது. முறையீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்து, 305-ஆம் பிரிவைச் சுட்டி, அறிக்கையின் படியை விலையின்றிக் கேட்டுப் பெறுக. மறுத்தால் மேலலுவலர்க்கு எழுதுக. அவரும் மறுத்தால் குற்றவியல் நடுவரை அணுகுக. தனிக்கடையின் குரல் வாயிலோடு நின்றுவிடும். தெருக்கடைகள் ஒன்றுகூடிக் கேட்பின், காவல் நிலையத்தின் எழுதுகோல் அசைந்தே தீரும்!