மூச்சும் மூலிகைப் புட்டியும்

நாஞ்சில் நாட்டு ஜனங்களுக்கு மூலிகையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மருந்துவாழ்மலையை அன்றாடம் கண்ணாற் காண்கிறவர்கள் அவர்கள். ஆடாதோடைக் கஷாயமும், தூதுவளைத் துவையலும், திப்பிலிச் சூரணமும் அவர்களுடைய இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருபவை. முஞ்சிறையில் சித்த வைத்தியக் கல்லூரியும், கோட்டாற்றில் ஆயுர்வேதக் கல்லூரியும், ஆசாரிப்பள்ளத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் ஒரே சிறிய ஜில்லாவில் அமைந்திருப்பது இப்பிரதேசத்திற்கு வாய்த்த பாக்கியமேயாகும். இத்தகைய பூமியில், நாட்பட்ட சுவாச நோயாளிகளை நாடி, 'நுரையீரலைச் சுத்தி செய்யும் மூலிகைத் துணையுணவு' என்னும் பெயரால் புட்டிகளும் பொடிகளும் விற்கப்பட்டு வருவதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுவது நமது கடமை.

நோயின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்றழைக்கும் இந்நோயில் மூச்சுக்குழல்கள் குறுகுகின்றன, காற்றறைகள் சிதைகின்றன. சிதைந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பீடி, சுருட்டு முதலியவற்றின் புகையே தலையாய காரணம். ஆயினும், புகையிலையைத் தொட்டறியாத பெண்கள் பலரும் விறகடுப்பின் புகையால் இந்நோய்க்கு ஆளாகின்றனர். முந்திரிப் பருப்பு வறுக்கும் ஆலைகளிலும், கயிறு திரிக்குமிடங்களிலும் பாடுபடுவோரின் மார்பும் புகைக்கும் தூசிக்கும் இலக்காவது கண்கூடு. நாற்பது அடி நடப்பதற்குள் நின்று மூச்சு வாங்கும் ஓர் ஏழைத் தொழிலாளி, 'மூன்று மாதத்தில் பூரண குணம்' என்ற விளம்பரத்தைக் கண்டு ஒரு வாரக் கூலியைக் கொடுத்துவிடுவதில் வியப்பென்ன?

மூலிகைகளில் சாரமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சரித்திரம் அதற்கு நேர்மாறாகவே சாட்சி கூறுகிறது. ஊமத்தையைப் புகைத்துச் சுவாசகாசத்தைத் தணிக்கும் முறையைச் சென்னையிலிருந்து ஜெனரல் ஜெண்ட் என்பவர் 1802ஆம் வருஷம் ஸ்காட்லாந்திற்குக் கொண்டு சென்றார். அதன்பின் மேனாட்டு மருந்துக் கடைகளில் ஊமத்தைச் சுருட்டுகள் நெடுங்காலம் விற்பனையாயின. அவ்வினத்துச் செடிகளிலுள்ள அட்ரோப்பீன் என்னும் சத்தை ஆராய்ந்த வழியிலேயே, இன்று உலகெங்கும் உறிஞ்சு மருந்தாக வழங்கும் இப்ராட்ரோப்பியமும் டையோட்ரோப்பியமும் உண்டாயின. நமது வேலிகளில் வளரும் ஆடாதோடையிலுள்ள வாசிசீன் என்ற சத்தினின்றே, சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸீன் பிறந்தது.

ஆனால் இச்சரித்திரம் புகட்டும் பாடம் யாது? செடியைப் பிரித்து, சத்தைக் கண்டு, அளவை நிர்ணயித்து, நோயாளிகளிடம் பரீட்சித்த பின்னரே அது நம்பத்தக்க மருந்தாயிற்று. தூதுவளையும் கண்டங்கத்தரியும் ஆஸ்துமாவில் ஓரளவு பயன்படுவதாக 1999இல் ஒரு சிற்றாய்வு வெளியாயிற்று. அதிலும் வழக்கமான மருந்துகளின் பலனே அதிகமாகக் காணப்பட்டது. ஆஸ்துமாவுக்குக் கிடைத்த சான்றை சி.ஓ.பி.டி.க்குச் சான்றாகக் காட்டுவது, ஒரு வழக்கின் சாட்சியத்தைக் கொண்டு வேறொரு வழக்கில் தீர்ப்புக் கேட்பதற்கு ஒப்பாகும்.

'பலனில்லாவிடினும் கெடுதலில்லையே' என்பாருமுண்டு. அதுவும் பிழை. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், தியோஃபிலின் என்னும் சுவாச மருந்தை இரத்தத்தில் மிகுதிப்படுத்துவதாக 1991லேயே அறியப்பட்டது. அம்மருந்து மிகுந்தால் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வலிப்பும் காணலாம். அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். எஃபெட்ரா சேர்ந்த துணையுணவுகளை 2004இல் அமெரிக்க சர்க்கார் தடை செய்தது. சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கென விற்கப்பட்ட மூலிகை மாத்திரைகளால் 74 பேர் பாஷாண விஷத்திற்கு இரையான செய்தி 1975இல் வெளியாயிற்று. இவை யாவற்றினும் பெரிய கேடு, புட்டியை நம்பி உறிஞ்சு மருந்தை நிறுத்திவிடுவதே.

சட்டம் இல்லாமலில்லை. மருந்தைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. துணையுணவுப் புட்டியில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று' என்று பொறித்தல் வேண்டுமென 2016ஆம் வருஷத்து விதிகள் கட்டளையிட்டன. முகப்பில் நுரையீரலின் படத்தைப் பெரிதாக வரைந்து, பின்புறத்தில் இவ்வாசகத்தைக் கண்ணுக்கெட்டாத எழுத்தில் அச்சிடுவது சட்டத்திற்குக் கீழ்ப்படிவதாகுமா? ஒரு கையால் கொடுத்த வாக்கை மறு கையால் அழிப்பதே அது.

இவ்வாறு கேட்பது சுதேச வைத்தியத்தை அவமதிப்பதென்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. நாடி பார்த்து, தேகநிலை அறிந்து, அளவும் அநுபானமும் பத்தியமும் வகுத்து மருந்தளித்தவர்கள் நம் வைத்தியர்கள். ஆளையே பாராமல் அனைவருக்கும் ஒரே புட்டியை நீட்டும் வியாபாரி, அவர்களுடைய கீர்த்தியைக் கடன் வாங்கிக் காசாக்குகிறான். பரீட்சைக்கு அஞ்ச வேண்டியவன் அவனேயன்றி வைத்தியனல்லன்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முஞ்சிறை, கோட்டாறு, ஆசாரிப்பள்ளம் ஆகிய மூன்று கல்லூரிகளும் ஒன்றுகூடி, வழக்கிலுள்ள சுவாச மூலிகைகளை முறைப்படி பரீட்சித்து, முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் தமிழில் வெளியிட வேண்டும். மருந்து அதிகாரிகள் கடைகளிலுள்ள பொடிகளை எடுத்து, ஸ்டீராய்டும் கன உலோகமும் கலந்துள்ளனவா என்று சோதிக்க வேண்டும். நோயாளிகள் தாம் உண்ணும் கஷாயம் எதுவாயினும் டாக்டரிடம் மறையாது சொல்ல வேண்டும். டாக்டர்களும் அதனைக் கேட்டு நகையாது செவிசாய்க்க வேண்டும்.

பீடியை நிறுத்துவதும், சமையலறையினின்று புகையை நீக்குவதும், ஆலைகளில் காற்றோட்டம் அமைப்பதும், உறிஞ்சு மருந்தை முறைப்படி பயில்வதும், தடுப்பூசியும், மூச்சுப் பயிற்சியும் பயன் தருபவை என்பது நிரூபணமான விஷயம். இவற்றிற் பலவற்றிற்குச் செலவு அதிகமில்லை, விளம்பரம் செய்வாருமில்லை. அவ்விளம்பரத்தைச் செய்யும் பொறுப்பை சர்க்காரும் பத்திரிகைகளும் ஏற்றல் வேண்டும். மூச்சுக்குத் தவிப்பவனிடம் பொய்யை விற்று லாபம் காண்பதை நாஞ்சில் நாடு பொறுத்தலாகாது.