300 சதுர அடியில் ஓர் ஊஞ்சல்!

சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக் கிராமங்களில் கட்டித் தரப்பட்ட வீடுகள் பெரும்பாலும் 300 முதல் 325 சதுர அடி. இப்போதைய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி. பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரிக்கரைக் குடும்பங்களில் பலருக்கும் சமையல், தூக்கம், படிப்பு, விருந்தாளி எல்லாமே ஏறக்குறைய இந்த அளவுக்குள்தான். மழை நாளில் பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. பரீட்சை நேரத்தில் டி.வி-க்காகச் சண்டை. வளர்ந்த பெண்ணுக்குத் துணி மாற்ற ஒரு மறைவு கிடையாது.

இந்த வீட்டுக்குள் முதலில் வருவது கட்டிலும் இரும்பு பீரோவும். ஆறரைக்கு ஐந்தடி கட்டில் ஒன்று சுமார் 32 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். அதாவது, வீட்டில் பத்தில் ஒரு பங்கு. பகலெல்லாம் அதில் படுக்க ஆளில்லை. பீரோவையோ உப்புக்காற்று அரித்துவிடும்.

பழவேற்காட்டில் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டில், உட்ரெக்ட் நகரத்தில் ஒரு வீடு இருக்கிறது. மூன்று பிள்ளைகளோடு கணவரை இழந்த ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்ணுக்காக, மரச்சாமான் செய்பவராகத் தொழிலைத் தொடங்கிய கெரிட் ரீட்வெல்ட் 1924-ல் வடிவமைத்தது. மாடியில் தடுப்புகளை நகர்த்தினால் பகலில் ஒரே கூடம். இழுத்து மூடினால் இரவில் தனித்தனி அறைகள். 2000-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. பாய், தூளி, உறி, பரண் எல்லாம் இதே கணக்குதான். வேலை முடிந்ததும் பொருள் தரையை விட்டுவிட வேண்டும். அதை இன்றைய கான்கிரீட் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

கொக்கி: கூரைக்குக் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்து நான்கு கொக்கிகள் வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்குத் தூளி, நாளைக்குப் பலகை ஊஞ்சல். ராத்திரி கழற்றிவிட்டால் பாய் விரிக்க இடம். பின்னால் கூரையைத் துளைத்தால், உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்க வழியாகும்.

திரை: சுவருக்குச் சுவர் ஒரு மூங்கில் கழி, அதில் பழைய காட்டன் புடவை. இழுத்தால் பெண்ணுக்கு ஓர் அறை. ஒதுக்கினால் காற்று வரும். செலவு குறைவு, கிடைக்கும் நிம்மதி பெரிது.

சுவர் மேசை: தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கீல் வைத்த பலகை. இறக்கினால் சம்மணமிட்டுப் படிக்கலாம். மேலே மடக்கினால் அடிப்பக்கம் தெரியும். அதில் கரும்பலகை பெயின்ட் அடித்தால் பிள்ளைகள் கிறுக்குவதற்கு இடம், வீட்டுச் சுவர் தப்பியது! கீல் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும்.

ஓலைப்பெட்டி: பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகப் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். மூடியுள்ள பெட்டிகளை அளவு வாரியாக வாங்கி, பலகைத் தட்டில் அடுக்கினால் பீரோ வேலையில் பாதி முடிந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் என்றால், 'என் சட்டை எங்கே?' என்ற கேள்வியும் குறையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை வரலாம். வெயில் வந்ததும் காயவைத்து எடுங்கள்.

வலை: கிழிந்த வலையில் நல்ல துண்டை வெட்டி, மூலையில் உயரமாகக் கட்டினால் பந்தும் பொம்மையும் அதற்குள் போய்விடும். ஆனால், கைக்குழந்தையை வலையில் தூங்கவைக்கக் கூடாது. கழுத்தோ விரலோ கண்ணியில் சிக்கிக்கொள்ளும். தூளிக்குத் துணிதான்.

பரண்: புயல், வெள்ளம் பார்க்கும் ஊர் இது. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் தண்ணீர் புகாத டப்பாவில், பரணில் கைக்கெட்டும் முனையில் இருக்க வேண்டும். பழைய பாத்திரங்கள் அதற்குப் பின்னால்.

எதைச் செய்வதற்கு முன்னும், வெறும் வீட்டில் சாக்பீஸால் தரையில் வரைந்து பாருங்கள்: இங்கே படுக்கை, இங்கே மேசை, இங்கே ஊஞ்சல் ஆடும் தூரம். பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். ஊஞ்சல் அடுப்புப் பக்கம் போகிறதா, சுவரில் இடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கூரை போடும் நாள் மட்டும் ஒருமுறைதான் வரும். அன்றைக்குக் கொத்தனாரிடம் கொக்கியைச் சொல்ல மறக்காதீர்கள்!