தப்பி வந்தவனின் பக்கம் நின்ற சட்டம்

பழைய ஏற்பாட்டின் அடிமைச் சட்டங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், இரு தரப்பாரும் தத்தமக்கு வேண்டிய வசனங்களோடு வந்து நிற்பதைக் காண்கிறோம். அக்காலத்திற்கு அது இரக்கமான சட்டம் என்பர் ஒரு சாரார். அடிமைமுறையை ஏற்ற நூலில் மனித மாண்பைத் தேடுவது வீண் என்பர் மறு சாரார். இரண்டுமே அரை வாசிப்பு என்பது நம் கருத்து.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுவோம். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின்படி எபிரெய அடிமை ஆறாண்டு உழைத்து ஏழாம் ஆண்டில் விடுதலை பெறுவான். ஆனால் எஜமான் கொடுத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே உரியவர்கள். கோலால் அடிபட்ட அடிமை உடனே இறந்தால் எஜமானுக்குத் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடிருந்தால் இல்லை. அவன் எஜமானின் பணம் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்நிய அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்லவும் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இடம் தருகிறது. இவற்றை மழுப்புவது நேர்மையன்று.

ஆயினும் அதே யாத்திராகம அதிகாரத்தில், எஜமான் அடித்து அடிமையின் கண்ணோ பல்லோ போனால் அதற்கு ஈடாக அவனை விடுவிக்க வேண்டும் என்றிருக்கிறது. பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத்தில் (கி.மு. 18ஆம் நூற்றாண்டு), பிறனுடைய அடிமையின் கண்ணைக் கெடுத்தவன் அவன் விலையில் பாதியைச் செலுத்தினால் போதும். அங்கே அடிமையின் கண்ணுக்கு விலை உண்டு. அடிமைக்கு விடுதலை இல்லை. அதேவேளை, கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்களை மூன்றாண்டிலேயே விடுவித்ததும் ஹமுராபியின் சட்டம்தான். எல்லாவற்றிலும் இஸ்ரவேலே முந்தியது என்று கொண்டாடுவோர் இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நாம் இங்கே சுட்ட விரும்புவது உபாகமத்தில் அடுத்தடுத்து வரும் இரு விதிகளை. வழிதவறிய மாட்டையோ ஆட்டையோ கண்டால் உரியவனிடம் சேர்ப்பித்துவிட வேண்டும் என்கிறது 22ஆம் அதிகாரம். எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையை அவனிடம் ஒப்படைக்கலாகாது, அவன் விரும்பிய ஊரில் வாழட்டும், அவனை ஒடுக்கவும் கூடாது என்கிறது 23ஆம் அதிகாரம். அடிமை உண்மையிலேயே சொத்து எனில், மாட்டுக்குரிய விதியே அவனுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை.

இவ்விதி வேற்றுநாட்டிலிருந்து வந்தவனுக்கு மட்டுமே என்று உரைகாரர் பலர் கூறுவர். அவ்வாறே கொண்டாலும் அதன் கனம் குறைவதில்லை. தப்பிய அடிமைக்கு வீட்டில் இடம் தந்தவனுக்கு ஹமுராபியின் சட்டம் மரண தண்டனை விதித்தது. விவிலியம் வீடுதோறும் இருந்த அமெரிக்காவில், 1850ஆம் ஆண்டுச் சட்டம் தப்பியோரைப் பிடித்துக்கொடுக்கக் குடிமக்களையே கட்டாயப்படுத்தியது.

எஜமானின் மனத்தை நம்பிய விதிகள் என்னவாயின என்பதற்கு எரேமியா 34ஆம் அதிகாரம் சான்று. பாபிலோனியர் எருசலேமை நெருக்கியபோது, சிதேக்கியா அரசன் காலத்துச் செல்வர்கள் அடிமைகளை விடுவித்தனர்; பின்னர் மனம் மாறி மீண்டும் அடிமைப்படுத்தினர். ஏழாம் ஆண்டு விடுதலை, கொடுப்பவன் கையில் இருந்தது. தப்பி வந்தவனுக்கான விதியோ அவன் எடுத்த முடிவை ஏற்று, ஊராரை அதற்குக் கட்டுப்படுத்தியது. இஸ்ரவேலின் சட்டத்தில் மனித மாண்பு எங்கே இருக்கிறது என்று கேட்போர்க்கு நாம் இவ்விதியையே காட்டுவோம். அதை முன்வைத்தே அதன் பிற விதிகளையும் தயக்கமின்றிக் குறைகூறவும் செய்வோம்.